பொலாங்கோ சொன்ன சொல்

ரதாமேஸ் பொலாங்கோவின் சாப்பாட்டுப் பையில் வாழைக்காய் மசியல் இருக்கும், பொரித்த சலாமி இருக்கும். இரண்டுக்கும் அடியில், ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள், அவருடைய அமெரிக்க பாஸ்போர்ட் இருக்கும். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் வில்லை, இடுப்பில் ஒரு கொத்துச் சாவி, கைவிலங்கு என்று போட்டுக்கொண்டு வெல்ட்டன் ஃபால்ஸ் மாவட்டக் கோர்ட்டில் பத்தொன்பது வருஷமாகக் காவலர் வேலை பார்க்கிற மனுஷன் அவர். ஆனாலும் பஸ்ஸில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து "நீ எந்த ஊர்?" என்று ஆரம்பித்தால் போதும், அவர் கை தானாகச் சாப்பாட்டுப் பையைத் தடவிப் பார்க்கும்.

அவர் மனைவி யுதெல்காவுக்கு இது பெரிய வேடிக்கை. "ஊரைப் பூட்டற சாவி உன் இடுப்புல தொங்குது. நீ எதுக்குய்யா பாஸ்போர்ட்டைக் கட்டிக்கிட்டு அலையற? ஒருநாள் மசியல் ஒட்டி உன் மூஞ்சியே தெரியாமப் போகப்போகுது பாரு."

"மூஞ்சி போனாப் போகட்டும். நம்பர் தெரிஞ்சாப் போதும்," என்பார் ரதாமேஸ்.

டொமினிக்கன் குடியரசு என்ற தீவு நாட்டின் மொக்கா ஊரிலிருந்து பதினைந்து வயதில் வந்தவர். அம்மா முன்னாலேயே வந்து பல்பு ஃபாக்டரியில் வேலை பார்த்து, முறையாக விசா வாங்கி, பிள்ளையை அழைத்துக்கொண்டாள். எல்லாம் சட்டப்படிதான். ஆனால் பயம் சட்டப் புத்தகம் பார்த்துவிட்டா வருகிறது? கோர்ட் காவலர் பரீட்சையை மூன்றாவது தடவை எழுதி அவர் தேறிய அன்று, அம்மா அவருடைய யூனிஃபார்ம் போட்டோவை அல்தக்ராசியா மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மெழுகுவர்த்திதான். "இனிமே நம்மளை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பாவம், அப்படியே நம்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

வேலையில் குறை சொல்ல முடியாது. முதல் தடவை லாக்கப்புக்கு வருகிறவனை அவருக்குப் பார்த்தவுடனே தெரியும். கழற்றி வாங்கின ஷூ லேஸைச் சுருட்டி அவன் பெயர் எழுதிய உறையில் போடும்போது, "பயப்படாத, இது உனக்குத் திரும்பி வரும்" என்று சொல்வார். ஸ்பானிஷ் பேசத் தெரிந்த காவலர் அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான். அதனால் நல்ல வேலையும் அவர் வாய்க்குத்தான் வந்தது, கெட்ட வேலையும் அவர் வாய்க்குத்தான் வந்தது.

கெட்ட வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் அந்தக் கோர்ட்டில் எங்கும் எழுதாத ஒரு வழக்கம் இருந்தது. மத்திய அரசின் குடியேற்றத் துறையிலிருந்து ஒரு தாள் வரும். "உங்கள் லாக்கப்பில் இருக்கிற இன்னார் எங்களுக்கு வேண்டும், விட்டுவிடாமல் இரண்டு நாள் வைத்திருங்கள்" என்று கேட்கும் தாள். கேட்பதுதான், கட்டளை இல்லை. நீதிபதி கையெழுத்தும் அதில் கிடையாது. ஆனாலும் மாநில கோர்ட்டில் வழக்கு முடிந்து போகலாம் என்று நீதிபதி சொன்ன பிறகும் அந்த ஆளுக்குக் கதவு திறக்காது. ரதாமேஸ் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு ஸ்பானிஷில், "ரெண்டே நிமிஷம், காகிதம் வந்துக்கிட்டிருக்கு" என்று சொல்வார். நம் பாஷை பேசுகிறவர் சொல்கிறாரே என்று அவனும் காத்திருப்பான். இரண்டு நிமிஷம் இரண்டு மணியாகி, சாதாரண உடையில் இரண்டு பேர் வந்து அவனைக் கூட்டிப் போவார்கள். அப்படி எத்தனை பேரிடம் சொன்னார் என்று யுதெல்கா ஒரு தடவை கேட்டாள். ரதாமேஸ் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

அப்புறம் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ஆளைப் பிடித்து வைக்கக் கோர்ட் காவலருக்கு அதிகாரம் இல்லை, வழக்கு முடிந்தால் அவன் போகலாம் என்று. நோட்டீஸ் அடித்து லாக்கப் சுவரில் ஒட்டினார்கள். ரதாமேஸ் அதை நாலு தடவை படித்தார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் தலைமைக் காவலர் காரிகனும் படித்தார். காரிகன் கெட்டவர் இல்லை. மூன்றாவது பரீட்சைக்கு ரதாமேஸைத் தயார் பண்ணியவரே அவர்தான். அம்மா செத்தபோது முதல் மாலை கொண்டுவந்தவரும் அவர்தான். ஆனால் முப்பது வருஷப் பழக்கத்தை ஒரு நோட்டீஸ் மாற்றிவிடுமா? மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, "பிடிச்சு வைக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு, ராட். விடுதலைக் காகிதத்தை வேகமா டைப் அடிக்கணும்னு எங்கயும் போடலையே," என்றார் ரதாமேஸிடம்.

அன்று போன தூக்கம்தான் ரதாமேஸுக்கு.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. லாக்கப்பில் எலுவீனோ சாக்லான் என்று ஒருவன் இருந்தான். குவாத்தமாலா மலைப்பக்கத்து ஆள், முப்பத்தொரு வயது, மீன் வெட்டும் கம்பெனியில் வேலை. முந்தின நாள் சாயங்காலம் வண்டியின் பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் நிறுத்தியது. லைசென்ஸ் இல்லை. கைரேகை எடுத்தார்கள். காலை ஒன்பது இருபதுக்கு அந்தத் தாள் வந்துவிட்டது. 

எலுவீனோ பதிவிசான ஆள். ரதாமேஸ் கம்பிப் பக்கம் போகும்போதெல்லாம் எழுந்து நின்றான். தீவுக்காரர்களுக்கு இந்த மரியாதை பழக்கமில்லை; அவர்கள் கவர்னரைக்கூட "என்ன மச்சான்" என்று கேட்கக்கூடியவர்கள்.

"உக்காருப்பா. நான் என்ன பாதிரியாரா?" என்றார் ரதாமேஸ்.

"இருக்கட்டும் ஐயா. ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளு தம்பி."

"ஜட்ஜம்மா விட்டுட்டா, முத்திரை போட்ட காகிதம் ஒண்ணு குடுப்பாங்களா ஐயா?"

"அதெதுக்கு? விட்டா நீ பாட்டுக்கு நடந்து போகவேண்டியதுதான்."

எலுவீனோ தலையை ஆட்டினான். "இல்லீங்க ஐயா. எங்கப்பாவை அப்படித்தான் விட்டாங்க, சண்டை நடந்த காலத்துல. பட்டாளத்துக்காரங்க விசாரிச்சு, தப்பு ஒண்ணும் இல்ல, போன்னுட்டாங்க. காகிதம் குடுக்கலை. பாலத்துக்கிட்ட இன்னொரு பட்டாளம் நின்னுச்சு. விட்டுட்டாங்கன்னு இவர் சொன்னா, காகிதம் எங்கன்னு கேட்டாங்க. அப்பா வீடு வந்து சேரலீங்க."   காகிதம் இல்லாமல் இவன் கட்டடத்தை விட்டு நகரமாட்டான் என்பது ரதாமேஸுக்குத் தெரிந்துபோயிற்று.

பதினொன்றே கால் மணிக்கு வழக்குக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் டெலிபோனில்தான் பேசினார். கோர்ட் வைத்துக்கொடுத்த வக்கீல் இரண்டு வாக்கியம் சொன்னார், அரசுத் தரப்பு மறுக்கவில்லை, நீதிபதி அம்மாள் வழக்கைத் தள்ளுபடி செய்தார். நாலே நிமிஷம். "நீங்கள் போகலாம்" என்ற வார்த்தையோடு டெலிபோனும் கட்டாகிவிட்டது. வக்கீல் அடுத்த வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினார். எலுவீனோ தன் உறையை வாங்கி, பெல்ட்டையும் லேஸையும் போட்டுக்கொண்டு, வராந்தாவில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். அந்த நிமிஷத்தில் அவன் உங்களையும் என்னையும் போலச் சுதந்திர மனிதன். தெருக்கதவு இருபது அடியில் இருந்தது. அது பூட்டியிருக்கவில்லை.

காரிகன் கிளார்க் ஜன்னலில் காப்பிக் கோப்பையோடு சாய்ந்துகொண்டு, இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். "போன் வந்தது. நெடுஞ்சாலையில வந்துக்கிட்டிருக்காங்க. அரை மணி. நான் யாரையும் பிடிச்சு வைக்கலை, ராட். அவன் காகிதம் கேட்டான்னா, ஆகுது, இருன்னு சொல்லு. அவ்வளவுதான்."

எலுவீனோ ரதாமேஸைப் பார்த்தான். "ஐயா, அந்தக் காகிதம்?"

இங்கே ஒன்று சொல்லவேண்டும். காரிகனுக்கு ஸ்பானிஷில் மொத்தம் ஆறு வார்த்தை தெரியும். வா, போ, உட்கார், கையைத் தூக்கு, பீர், மிக்ரா. கடைசிச் சொல் குடியேற்றத் துறைக்காரர்களுக்கு ஊரார் வைத்திருக்கிற பெயர். லாக்கப்பில் முப்பது வருஷம் நின்றவருக்கு அந்த ஆறு போதும். "போ" என்று சொன்னால் அவருக்குப் புரிந்துவிடும். "மிக்ரா வருது" என்றால் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். பக்கத்து மாவட்டத்தில் பின்கதவைத் திறந்துவிட்டதாகச் சந்தேகப்பட்டு ஒரு காவலரை வீட்டுக்கு அனுப்பிய செய்தி, டோமினோ ஆடும் இடம் வரைக்கும் வந்திருந்தது. வேலையோடு போயிற்றா, வழக்கும் வந்ததா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ரதாமேஸுக்குப் பென்ஷன் முழுசாக இன்னும் பதினான்கு மாதம்.   பாம்பும் சாகவேண்டும், தடியும் உடையக்கூடாது என்று நினைத்தால் மனுஷன் எதைத் தேடுவான்? நழுவலாக ஒரு சொல்லைத்தான் தேடுவான்.

அவர் சிரித்தார். காரிகன் பார்ப்பதற்காகச் சிரித்த சிரிப்பு. "காகிதமா தம்பி? அஹோரிதா, அஹோரிதா," என்றார். சொல்லிவிட்டு உதட்டைக் குவித்துத் தெருக்கதவைக் காட்டினார். அவர் தீவில் யாரும் விரலை நீட்டிக் காட்டுவதில்லை, உதடுதான் காட்டும்.

அவர் தீவில் "அஹோரிதா" என்றால் அப்புறம் என்று அர்த்தம். இப்போது இல்லை, சாவகாசமாக, சாயங்காலமோ நாளைக்கோ. கூரை ஒழுகுகிறது, ஏறிப் பார் என்று மனைவி சொன்னால் கணவன்மார் சொல்கிற சொல். காகிதம் அப்புறம், கதவு அங்கே. இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் எப்படிச் சொல்வான் என்றுதான் ரதாமேஸ் நினைத்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒருவனைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

எலுவீனோவின் முகம் மலர்ந்தது. "ரொம்ப நன்றிங்க ஐயா," என்றான். விடுவிடுவென்று கதவை நோக்கி நடந்தான். கதவுக்குப் பக்கத்தில் சுவரோரமாக ஒரு மர பெஞ்ச் இருந்தது. அதில் உட்கார்ந்தான். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டான்.

ரதாமேஸுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. லேஸ் கட்டுகிறானோ என்று பார்த்தார். லேஸ் கட்டித்தான் இருந்தது. அவன் போனை எடுத்து யாரிடமோ தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தான். மணி பதினொன்று இருபத்தாறு.

தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி அந்தப் பக்கம் போனார். "தம்பி, காகிதம் அஹோரிதா. அஹோரிதாப்பா," என்று அழுத்திச் சொல்லி, உதட்டை முன்னைவிட நீளமாகக் குவித்தார். எலுவீனோ உடனே எழுந்து நின்று, "சரிங்க ஐயா," என்று சொல்லி, கதவுக்கு இன்னும் கிட்டே இருந்த பெஞ்ச் நுனிக்கு நகர்ந்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான்.

அவருக்குக் கோபம் வந்தது. பயந்தவனுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அதற்குக் கண் கிடையாது. மலைக்காட்டு முட்டாள், சொன்னால் புரியாதா, இவனுக்காக நான் என் தலையைக் கொடுக்கவேண்டுமா என்று மனசுக்குள் திட்டினார். பதினொன்று முப்பத்தைந்து. காரிகன் ஜன்னலை விட்டு நகரவில்லை. கிளார்க் பெண் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காகிதம் அவள் மேஜையில் டைப் ஆகி, முத்திரை மட்டும் வைக்காமல் கிடந்தது. பெஞ்சுக்குப் போய் அவன் காதோரம் குனிந்து ஒரே ஒரு சொல் சொல்லலாம். தமிழில் அது ஒற்றை எழுத்து: போ. ஸ்பானிஷில் இரண்டு அசை. ரதாமேஸ் இரண்டு அடி எடுத்து வைத்தார். காரிகன் கோப்பையிலிருந்து கண்ணைத் தூக்கினார். ரதாமேஸ் திரும்பி, லாக்கப்பிலிருந்து அடுத்த ஆளைக் கொண்டுவரக் கீழே இறங்கிப் போய்விட்டார். அவரை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

மேலே வந்தபோது ஜீன்ஸ் போட்ட இரண்டு பேர் பெஞ்ச் முன்னால் நின்றிருந்தார்கள். எலுவீனோ எழுந்து நின்றிருந்தான். அவர்களுக்கும் மரியாதை. பெயர் கேட்டார்கள் போலிருக்கிறது. அப்பா வழி, அம்மா வழி இரண்டு குடும்பப் பெயரையும் சேர்த்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி முழுசாகச் சொன்னான். ஒருவன் அவனுடைய கைகளைப் பின்னால் கொண்டுபோனான். எலுவீனோ கிளார்க் ஜன்னலைப் பார்த்தான், அப்புறம் ரதாமேஸைப் பார்த்தான். "ஐயா, காகிதம்! காகிதம் வருதுன்னு இவங்ககிட்ட நீங்க சொல்லுங்க ஐயா!"

"கதவு, ராட்," என்றார் காரிகன்.

ரதாமேஸ் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. இரண்டு மணிக்கு வாசலில் சோதனை இயந்திரத்துப் பக்கம் அவருக்கு வேலை. அங்கே ஒரு பெண் வந்தாள். குட்டையான உருவம், நெய்த பாவாடை, மேலே கம்பெனிக் கோட்டு, அதில் மீன் வாடை. மலைப்பக்கத்து மொழி பேசி வளர்ந்தவள்; ஸ்பானிஷ் அவளுக்கு இரண்டாம் பாஷைதான், யோசித்து யோசித்துப் பேசினாள்.

"ஐயா, நான் தோமாசா. எலுவீனோ சாக்லானோட சம்சாரம். பிடிச்சுட்டுப் போன இடத்துலேருந்து போன் பண்ணி, அவரோட காகிதம் இங்க இருக்குன்னு சொன்னார். அதை வாங்கிட்டுப் போய்க் காட்டினா அவரை விட்டுருவாங்க, இல்லீங்களா?"

ரதாமேஸ் கிளார்க் ஜன்னலுக்குப் போனார். இப்போது முத்திரை வைக்க நாலு விநாடிகூட ஆகவில்லை. காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். தோமாசா அந்த முத்திரையை விரலால் தடவிப் பார்த்து, நாலாக மடித்து, நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டாள்.

"அம்மா," என்றார் ரதாமேஸ். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அவன் ஏம்மா இங்க உக்காந்திருந்தான்? கதவு தொறந்துதானே இருந்துச்சு?"

"எனக்கும் அதான் பயமா இருந்துச்சுங்க ஐயா. இங்கேருந்து அவர் போன் பண்ணப்ப, காகிதமும் வேணாம் ஒண்ணும் வேணாம், ஓடி வந்துரு, எனக்கு மனசு சரியில்லன்னு அழுதேன். கிளம்பலாம்னுதான் அவரும் நினைச்சாராம். அப்போ இங்க ஸ்பானிஷ் பேசற ஆபீசர் ஒருத்தர், மீசை வெச்சவர், கிட்ட வந்து மறுபடியும் சொன்னாராம், 'அஹோரிதா'ன்னு." அவள் கையைத் தட்டிக் காட்டினாள். "இந்தா, இந்த நிமிஷமே கைக்கு வருது, கதவுகிட்டவே இருன்னு. அவ்வளவு பெரிய மனுஷன் ரெண்டு தரம் சொல்லும்போது எந்திரிச்சுப் போனா நல்லா இருக்காதுன்னு சொல்லிட்டார்."

அவர்கள் மலையில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அதுதான். இந்த நிமிஷமே. ரதாமேஸின் தீவில் அப்புறம். அவர்கள் ஊரில் இப்போதே.  அவன் கிளம்பத்தான் இருந்தான். உட்கார வைத்தது யார்? பழைய நாட்களில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்ன அதே பொய், இந்தத் தடவை அவருக்கே தெரியாமல் அவர் வாயிலிருந்து வந்திருக்கிறது.  

தோமாசா அவர் மீசையைப் பார்த்தாள். "நீங்கதானா ஐயா அவர்?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். "ஆமாம்மா," என்று வந்துவிட்டது.

அவள் இரண்டு கையாலும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "யாரும் முகம் குடுத்துப் பேசாத இடத்துல நீங்க ஒருத்தர் அன்பாப் பேசினீங்கன்னு சொன்னார். கடவுள் உங்களுக்கு இதைத் திருப்பித் தரணும் ஐயா."

அவர்கள் ஊரில் நன்றி சொல்வதே அப்படித்தான்.

"வேணாம்மா," என்றார் ரதாமேஸ்.  "அப்படிச் சொல்லாத, வேணாம்."

பெரிய மனுஷனுக்கே உள்ள அடக்கம் என்று நினைத்துக்கொண்டு, அவள் அதையே இன்னொரு தரம் சொன்னாள்.